சுற்றமும் விருந்தும்: நம் நினைவுக் கட்டுரைகள் குறித்து

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்கள் வெளியிடும் ஆண்டு மலர் எதை எடுத்துப் புரட்டினாலும், இலக்கியக் கட்டுரைகளுக்கும் விளம்பரப் பக்கங்களுக்கும் நடுவே ஒரு கட்டுரை தவறாமல் இருக்கும். கோடை விடுமுறை. ஊரிலிருந்து அத்தை வருவாள், மாமா வருவார். கூடம் நிறையப் பாய் விரியும். முறுக்கு டின் இரண்டே நாளில் காலியாகும். மொட்டைமாடியில் நிலாச்சோறு. கடைசியில் 'அந்தக் காலம் இனி வருமா?' என்று ஒரு பெருமூச்சு. மைசூர் மலரிலும் இது உண்டு, மும்பை மலரிலும் உண்டு, டெல்லி மலரிலும் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிவிட்டால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துவிடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நான் புலவன் அல்லன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. தொழில் பாத்திர வியாபாரம். மற்றதெல்லாம் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் நானாகப் படித்தது. ஆனால் ஒரு சொம்பைக் கையில் எடுத்ததும் விரலால் தட்டிப் பார்ப்பது என் பழக்கம். வெண்கலமா, முலாமா என்பதை ஓசையே சொல்லிவிடும். அப்படித்தான் இந்தக் கட்டுரைகளையும் தட்டிப் பார்த்தேன். ஓசை சரியில்லை. எழுதியவர்களின் பாசம் பொய் என்று சொல்ல வரவில்லை. பாசத்தைத் தவிர அவற்றில் வேறெதுவும் இல்லை என்பதே என் வழக்கு. வந்தவர்கள் எங்கே படுத்தார்கள், எத்தனை பேர், யார் சமைத்தது, எந்தப் பாத்திரத்தில், எத்தனை மணிக்கு, யார் சாப்பிடாமல் நின்றது என்று ஒன்றும் இராது. நம் பழைய நூல்கள் இந்த விஷயத்தில் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. அதை எடுத்துக் காட்டவே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். உறவினர் வருவதை இன்று நாம் 'விருந்தாளி வந்திருக்காங்க' என்று சொல்லிவிடுகிறோம். பழைய வழக்கில் விருந்து என்றால் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றாக விருந்தைச் சொல்லும்போது புதிதாக யாப்பதையே குறிக்கிறது. ஆகவே விருந்தினர் என்பவர் புதியவர், முன்பின் அறியாதவர். அத்தையும் மாமாவும் விருந்து ஆகமாட்டார்கள், அவர்கள் சுற்றம். வள்ளுவர் இவ்விரண்டையும் கலக்கவே இல்லை. விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம், அறத்துப்பாலில், இல்லறவியலில். சுற்றந்தழால் ஐம்பத்து மூன்றாம் அதிகாரம், அதுவோ பொருட்பாலில், அரசியலில்! முகம் தெரியாதவனுக்குச் சோறிடுவது அறமாம். சொந்தக்காரனை அணைத்துக்கொள்வது அரசியலாம். இதை முதன்முதலில் கவனித்தபோது கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன். குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்த வைப்புமுறையின் நியாயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. (குறள் எங்கள் நூலா, பொது நூலா என்ற சண்டையை இன்று கிளப்பப் போவதில்லை. பொன்னூர் மலைக்கு வந்து கேட்பவர்களுக்கு அங்கேயே சொல்லிக்கொள்ளலாம்.)

நாலடியாரிலும் சுற்றந்தழால் என்றே ஓர் அதிகாரம் உண்டு. பாசத்தைப் பாடுவதில் அது யாருக்கும் பின்வாங்கியதல்ல. மசக்கையின் தளர்ச்சியையும் பேறுகால நோவையும் மடியில் கிடக்கும் பிள்ளையைக் கண்டதும் தாய் மறப்பதுபோல், உறவினரைக் கண்டதும் ஒருவன் பட்ட வருத்தம் போய்விடும் என்கிறது முதற்பாட்டு. இன்னொரு பாட்டு என் தொழிலுக்கே வந்துவிடுகிறது. அன்பில்லாதவன் வீட்டில் பொன் பாத்திரத்தில் போட்ட நல்ல சோற்றைவிட, உயிர்போன்ற உறவினர் வீட்டில் உப்பில்லாத கூழ் எந்தப் பாத்திரத்தில் கிடைத்தாலும் இனிது என்கிறது. அடுத்த பாட்டு நேரத்தைச் சொல்கிறது: நம்மவர் வீட்டில் பிற்பகல் கழித்துக் கிடைத்த வெறும் கீரையும் இனிக்கும், வேண்டாதவன் வீட்டில் வேளைக்குக் கிடைத்த பொரியலும் வேம்பாகும். இதைப் பாடியவர் பெயர் தெரியாது. ஆனால் பசி எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நம் மலர்க் கட்டுரைகளுக்கு அது நல்ல முன்னோடியாக இருந்திருக்கும். அதே அதிகாரத்தில், அடுத்தபடியாகவே, கொல்லன் பட்டறைப் பாட்டு ஒன்று வருகிறது. சம்மட்டி நாள்தோறும் தட்டுவதுபோல் ஒருவன் வீட்டில் சலிக்காமல் தட்டித் தட்டி உண்பவர்கள், இரும்பைத் தீயில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடும் குறடுபோல் கைவிட்டுவிடுவார்கள். உண்மையாக நேசிப்பவர்கள்தான் சுட்டுக்கோல்போல் கூடவே தீக்குள் நுழைவார்கள் என்கிறது. குறட்டையும் சுட்டுக்கோலையும் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தப் பாட்டின் துல்லியம் உடனே பிடிபடும். உறவைப் போற்றும் அதிகாரத்துக்குள்ளேயே குறடும் இருக்கிறது. அது இருப்பதால்தான் முதற்பாட்டின் பாசத்தை நம்புகிறோம். நம் கட்டுரைகளில் குறடே கிடையாது. வந்தவர்கள் எல்லாருமே தங்கம்.

எங்கள் வீட்டிலும் ஒரு குறட்டுக் காலம் உண்டு. 1974 வாக்கில் அப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது. அதற்கு முன் வருஷம் தவறாமல் தசராவுக்கு வந்து பத்து நாள் தங்கியவர்கள், அடுத்த இரண்டு தசராவுக்கும் ஒரு கார்டுகூடப் போடவில்லை. வந்தது ஓர் அத்தை மட்டும், அதுவும் கைம்பெண், உறவிலேயே வசதி குறைந்தவள். ஒரு மூட்டை வேர்க்கடலையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். "இன்னாடா பையா, இப்டி இளைச்சுட்ட?" என்றாள். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டையைப் பிரித்து உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தாள். செல்வம் போன பிறகும் பழைய உறவைப் பாராட்டும் குணம் சுற்றத்தாரிடம்தான் உண்டு என்று வள்ளுவர் அதிகாரத்தைத் தொடங்குகிறாரே, அவர் 'சுற்றத்தார் எல்லாரிடமும்' என்று சொல்லவில்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன். யார் வரவில்லை என்று எழுதாவிட்டால், வந்தவளின் அருமையை எழுத வழியே இல்லை.

நிற்க. உறவினர் வருகையை எழுதுவது எப்படி என்று தெரிய வேண்டுமானால் நாம் போக வேண்டிய இடம் சிலப்பதிகாரம், கொலைக்களக் காதை. கொலைக்களம் என்ற தலைப்பைக் கண்டு பாதிப்பேர் கோவலன் வெட்டுண்ட வரிகளுக்கே ஓடிவிடுகிறார்கள். அதன் முற்பாதி முழுக்க ஒரு சமையல்.

கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரிக்கு அவர்கள் யாரோ. சொல்லின் பழைய பொருளில் முழுக்க முழுக்க விருந்து. அவள் செய்வதைக் கவனியுங்கள். வந்தவர் சாவக நோன்பி என்பதைத் தெரிந்துகொள்கிறாள். ஆகவே சமையலைப் பகலிலேயே முடிக்க வேண்டும். தன் வீட்டு வழக்கத்தை அவர்கள்மேல் சுமத்தவில்லை. நல்ல பாத்திரங்களைத் தாமதிக்காமல் கொடுங்கள் என்று ஆய்ச்சியரிடம் சொல்கிறாள். அவர்களும் மடைக்கலங்களோடு பொருள்களும் கொண்டுவந்து தருகிறார்கள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி, பால். இந்தப் பட்டியலில் ஒரு கிழங்குகூடக் கிடையாது. எத்தனையோ உரைகள் படித்திருக்கிறேன், பலரும் இதைப் பெயர்களின் அழகுக்காகவே ரசிக்கிறார்கள். எங்கள் வீட்டில் காய்கறி வாங்கப் போன எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பட்டியல் சட்டென்று புரியும். வெங்காயம், உருளை, கேரட் எதுவுமில்லாத பை அது.

பிறகு கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்ததில் மெல்விரல் சிவந்தது, முகம் வியர்த்தது, கண் சிவந்தது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலில் தீ மூட்டிக் கொடுக்கிறாள். துறவியான இளங்கோ அடுப்பங்கரைக்குள் போய், புகை பட்டுச் சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இல்லறத்திலேயே ஊறிய நம் மலர்க் கட்டுரையாளர்கள் முறுக்கை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அந்த ஐயையை அங்கே குறிக்கும் சொல் 'நாத்தூண்' என்பது. கணவனுடன் பிறந்தவள், இன்றைய நாத்தனார். அன்றுதான் பார்த்த ஒரு பெண்ணுக்கு, வேறு குலத்துப் பெண்ணுக்கு, உறவுமுறை கொடுத்தாகிவிட்டது. விருந்து சுற்றமாக மாறும் கணம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இங்கே கர்நாடகத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு கூடுதல் சந்தோஷம்: கன்னடத்தில் 'நாதினி' என்று பக்கத்து வீட்டம்மா சொல்கிறாரே, அதுவும் இந்தச் சொல்லின் உடன்பிறப்புத்தான். மலையாளத்திலோ 'நாத்தூன்' என்று ஏறக்குறைய அப்படியே வாழ்கிறது. நாம் மட்டும் அதை 'சிஸ்டர்-இன்-லா' என்று ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

சாப்பாடு முடிந்தபின் கண்ணகி பேசுகிறாள். கணவன் பிரிந்திருந்ததால் அறவோர்க்குக் கொடுப்பதும் துறவோரை எதிர்கொள்வதும் விருந்தினரை ஏற்பதும் தனக்கு இல்லாமற் போயின என்று சொல்லும் பகுதியை எல்லாரும் மேடையில் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு அடுத்தாற்போல் வருவதைக் காட்டமாட்டார்கள். மாமனும் மாமியும் தன்னைப் பார்க்க வந்ததைச் சொல்கிறாள். அவர்கள் அன்போடு பேசினார்கள். அவள் தன் துயரத்தை மறைத்து, சிரிப்பே அல்லாத ஒரு சிரிப்பைக் காட்டினாள். அதைக் கண்டு அவர்கள் உள்ளுக்குள் வருந்தினார்கள். அவ்வளவுதான் செய்தி. பெரியவர்கள் வந்தார்கள், மருமகள் சிரித்தாள், வந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உறவினர் வருகையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு என்று நான் நினைக்கவில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை மருமகள்கள் அந்தச் சிரிப்பைச் சிரித்திருப்பார்கள்! நம் கட்டுரைகளில் எல்லாரும் நிஜமாகவே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இக்காலத்தாரில் எனக்குப் பிடித்தவர்கள் இருவர். உ.வே.சாமிநாதையர் 1940 முதல் 1942இல் மறையும்வரை ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதினார். எந்த ஊரில் யார் தம் குடும்பத்தை ஆதரித்தார்கள் என்று கடன்பட்டவன் கணக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போவார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமணர்களிடம் பாடம் கேட்டதையும் மறைக்கவில்லை. அவருடைய பாசத்துக்கு முகவரி இருக்கிறது.

இன்னொருவர் நம் ஊர்க்காரர், ஆர்.கே.நாராயண். எழுதியது ஆங்கிலம் ஆனாலும் பிறந்தது தமிழ்க் குடும்பம். சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். தகப்பனார் மைசூரில் தலைமையாசிரியர். ஆக, குழந்தைப் பருவத்தில் தன் பெற்றோர் வீட்டுக்கே வந்துபோகும் பிள்ளையாக இருந்தவர். 1935இல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில் பாட்டி எங்கே இருக்கிறாள் என்று ஞாபகம் இருக்கிறதா? முன்கூடத்துக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில், வெளிச்சமும் காற்றும் சரியாக இல்லாத நடைவழியில். பாட்டியிடம் பேரனுக்குப் பாசம் என்பதைவிட, பாட்டிக்கு அந்த வீட்டில் கிடைத்த இடம் நடைவழி என்பது எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது. எல்லாரும் அவளைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டும். யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு 2016 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. உறவினர் வந்தால் அரண்மனையையும் மிருகக்காட்சிசாலையையும் காட்டுகிறோம், இதையும் ஒருநாள் காட்டலாம்.

இனி எங்கள் வீட்டு விஷயம். விமரிசகன் பிறர் எழுத்தை மட்டும் உரசிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. தன் சரக்கையும் தராசில் வைக்க வேண்டும்.

1967 மார்ச் மாதம் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரருக்கு மகாமஸ்தகாபிஷேகம். எனக்கு ஒன்பது வயது. அன்று இது மைசூர் மாநிலம், அது சென்னை மாநிலம். இரண்டுக்குமே இன்றைய பெயர் வந்திருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை என்பது வழக்கம் என்றாலும் ஆண்டுக் கணக்கு சற்று முன்பின் ஆகும். பெருமான் காலடியில் சாமுண்டராயர் செய்வித்தார் என்ற செய்தி கன்னடத்தோடு தமிழிலும் வெட்டப்பட்டிருப்பதால், அந்த மலை நமக்கும் உரியது என்ற எண்ணம் எங்கள் பெரியவர்களுக்கு எப்போதும் உண்டு. வந்தவாசி, ஆரணிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நயினார் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டன. மைசூரில் ஒரு சொந்தக்காரன் இருந்தால் சத்திரம் எதற்கு? எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். வீடோ ஒரு கூடம், ஓர் உள், ஓர் அடுப்பங்கரை.

பெங்களூர்வரை பெரிய ரயில், அங்கே இறங்கி மீட்டர்கேஜ் வண்டி பிடித்து மைசூர். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. படுக்கை இல்லாத வீடு என்று தெரிந்தே வந்தவாசிக் கோரைப்பாய்களைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். 'கூடம் நிறையப் பாய்' என்று மலர்களில் எழுதுகிறார்களே, அந்தப் பாய் யார் வீட்டுப் பாய் என்று கேட்க எனக்கு ஆசை. எங்கள் வீட்டில் அது வந்தவர்களுடைய பாய். திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுத்தான் போனார்கள். அதற்குப் பதில் அம்மா ஒவ்வொரு குடும்பத்துக்கும் நஞ்சன்கூடு பல்பொடிப் பொட்டலமும் ஒரு மைசூர் சந்தன சோப்பும் கொடுத்தனுப்பினாள்.

அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஈயம் பூசுகிறவர் வந்து வாசலில் துருத்தி போட்டார். பித்தளையில் ஈயம் போயிருந்தால் புளி பட்டுக் களிம்பேறும். இருபத்திரண்டு வயிற்றுக்கு நாம்தான் பொறுப்பு. கடையில்தான் அண்டா அண்டாவாக அடுக்கியிருக்கிறதே என்று கேட்கலாம். அப்பா அதைத் தொடவிடமாட்டார். ஒருநாள் அடுப்பில் ஏறிய அண்டா பழைய அண்டா, அதைப் புதுசென்று விற்பது பொய். பற்றாத பாத்திரங்களைப் பக்கத்துக் கன்னட வீட்டம்மா கொடுத்தார். எங்களுக்கு வெங்காயம், பூண்டு ஆகாது என்று தெரிந்து, தேய்த்த பாத்திரத்தை இன்னொரு முறை புளி போட்டுத் தேய்த்து எடுத்து வந்தார். மாதரியைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தபோது என் கண்முன் வந்து நின்றது அந்த அம்மாள்தான்.

இருட்டிய பிறகு உண்பதில்லை என்பதால் எங்களுக்கு நிலாச்சோறு கிடையாது. பொழுது சாய்வதற்குள் இருபத்தாறு பேர் சாப்பிட்டு எழ வேண்டும். ஒரு கரி அடுப்பு, ஒரு விறகடுப்பு, ஒரு பம்ப் ஸ்டவ். இடமில்லாததால் மூன்று பந்தி. ஒருநாள் எல்லாரையும் பிருந்தாவனம் அழைத்துப் போனோம். அங்கே அழகே விளக்குப் போட்ட பிறகுதான். ஆனால் விளக்குப் போடும் நேரத்தில் நாங்கள் சாப்பிட முடியாது. ஆகவே ஐந்தரை மணிக்கே கட்டுச்சாதத்தைப் பிரித்து, வடிகட்டிக் கொண்டுபோன தண்ணீரைக் குடித்து, கையலம்பிவிட்டு, இனி ஊற்றுகள் நிறம் மாறினால் சரி என்று வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சுற்றியிருந்தவர்கள் இருட்டில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த வாசனை எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது.

அபிஷேகத்துக்கு எல்லாரும் இரண்டு தவணையாக பஸ்ஸில் போனார்கள். முதல் தவணை திரும்பும்போது சாப்பாடு தயாராக இருக்க வேண்டும், இரண்டாம் தவணை புறப்படும்போது கட்டுச்சாதம் தயாராக இருக்க வேண்டும். நான் முதல் தவணையில் போய் அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி, பாலும் மஞ்சளும் சந்தனமும் பெருமான் தோள்வழி இறங்குவதைப் பார்த்தேன். அம்மா எந்தத் தவணையிலும் போகவில்லை. இருபத்திரண்டு பேர் அவள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு மலையேறினார்கள். எண்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருந்த அவள் ஏறவில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "நீயும் வாயேன்" என்று எல்லாரும்தான் சொன்னார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இளங்கோவிடம் சொல் இருக்கிறது. 1981 பிப்ரவரியில், சிலையின் ஆயிரமாண்டு விழாவில், அவள் முதன்முறையாக அந்தக் காட்சியைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு முழங்கால் வலி.

இதனால் அந்தப் பத்து நாள் கசப்பானது என்று பொருளல்ல. என் ஆயுளிலேயே சிறந்த பத்து நாள் அது. ஆயாவின் பக்கத்தில் படுத்து ஊர்க்கதை கேட்டேன். மைசூரில் பிறந்து கன்னடத்திலேயே விளையாடிய எங்கள் வாயில் 'ஓரகத்தி', 'சகலை', 'கொழுந்தன்', 'பங்காளி' என்ற சொற்கள் ஏறியது அந்தப் பத்து நாளில்தான். பள்ளிக்கூடம் அவற்றைக் கற்றுத் தராது, அகராதி கற்றுத் தந்தாலும் ஒட்டாது. ஓர் ஓரகத்தி நேரில் வந்து இன்னோர் ஓரகத்தியிடம் சண்டை போட்டால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர். 1929இல் மைசூரில் பிறந்த ஏ.கே.ராமானுஜன், தம் வீட்டில் கீழ்த்தளத்தில் அம்மாவிடம் தமிழ், மாடியில் அப்பாவிடம் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று மொழிகள் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கீழ்த்தளத்துத் தமிழுக்கு வருஷா வருஷம் ஈயம் பூசியவர்கள் ஊரிலிருந்து வந்த உறவினர்கள் என்பேன். குறுந்தொகைப் பாடல்களை அவர் மொழிபெயர்த்த நூல் வெளிவந்ததும் அதே 1967இல்தான். தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

இப்போது வருகை சுலபம். 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் சென்னையிலிருந்து ஆறரை மணி நேரத்தில் மைசூரில் கொண்டுவந்து விடுகிறது. 2018 மகாமஸ்தகாபிஷேகத்துக்கு வந்த எங்கள் உறவினர் பலர் லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் வந்து காப்பி குடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். "உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றார்கள். நியாயமான பேச்சு. என் மனைவி என் அம்மா பட்ட பாட்டைப் படவில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் என் பேத்திக்கு வந்த அத்தனை பெண்களும் ஆன்ட்டி. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். 'அந்தக் காலம் இனி வருமா?' என்று கேட்பவர், அது வந்தால் அடுப்படியில் யார் நிற்பது என்றும் கூடவே எழுதட்டும். அப்புறம் அந்தப் பெருமூச்சை நானும் நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் அந்த வருகையைப் பற்றிய எழுத்து ஒன்றே ஒன்று உண்டு. அப்பாவின் பேரேடு. சிவப்புத் துணி அட்டை, 1967 மார்ச் பக்கங்கள். அரிசி, துவரம்பருப்பு, நெய், அடுப்புக்கரி, மண்ணெண்ணெய், வடிகட்டத் துணி மூன்று கெஜம், ஈயம் பூச்சு பதினான்கு உருப்படி. அதற்குக் கீழே ஆள்கணக்கு. பெரிய நாத்தனார் வீடு ஏழு, சின்ன நாத்தனார் வீடு ஐந்து, ஓரகத்தி வீடு ஆறு, சின்ன மாமனார் வீடு மூன்று, மாமியார் ஒன்று. ஆக இருபத்திரண்டு.

கையெழுத்து அப்பாவுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்பாவுக்கு எப்படி நாத்தனார் இருக்க முடியும்? அவருக்கு அவர்கள் அக்காவும் தங்கையும். ஓரகத்தி வீடு என்பது அவருக்கு அண்ணன் வீடு; சின்ன மாமனார் அவருக்குச் சித்தப்பா. அவருடைய மாமியாரோ நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டவர். ஆகவே அந்த 'மாமியார் ஒன்று' என்பது அவரைப் பெற்ற தாய், என் ஆயா. ஏடு பார்த்துப் பதிப்பிப்பவர்கள் பாடபேதத்தைக் கொண்டு எழுதியவன் ஒருவன், சொன்னவன் ஒருவன் என்று கண்டுபிடிப்பார்களே, அதே முறைதான். அடுப்படியில் நின்றபடி அம்மா ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, வாசற்படியில் உட்கார்ந்து அப்பா ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதியிருக்கிறார்.